சட்ட நிறுவனத்தில் டி.பி.ஓ. ஆகலாமா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

“சட்ட நிறுவனம் ஒன்றில் தரவுப் பாதுகாப்பு அலுவலர் (டி.பி.ஓ.) வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா, இல்லை இருக்கும் இடத்திலேயே இருக்கலாமா?” இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் மூன்று தரப்பினர் கேட்கிறார்கள். சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்து தனியுரிமைச் சட்டத்தில் ஆர்வம் வந்தவர்கள் ஒரு பக்கம். நிறுவனம் விதிகளைப் பின்பற்றுகிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் வேலையில் இருப்பவர்கள் இன்னொரு பக்கம். அப்புறம், தகவல் பாதுகாப்புத் துறையிலிருந்து சட்டத்தின் பக்கம் நகர நினைப்பவர்கள். மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் எடைபோட வேண்டிய விஷயங்கள் மூவருக்கும் ஒன்றுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளமும் பதவிப் பெயரும் இரண்டாம்பட்சம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாரிடம் ‘இதைச் செய்யக் கூடாது’ என்று சொல்ல வேண்டிவரும், சொன்ன மறுநாளும் அந்த நாற்காலி உங்களுடையதாக இருக்குமா என்பதை முதலில் பாருங்கள். இதற்குத் தெளிவான பதில் இல்லாத டி.பி.ஓ. வேலையை, எவ்வளவு பெரிய நிறுவனம் கொடுத்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## எந்த நான்கு வழிகள்

‘டி.பி.ஓ., சட்ட நிறுவனம்’ என்று விளம்பரம் ஒரே மாதிரி இருந்தாலும், அதற்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, அந்தச் சட்ட நிறுவனத்துக்கே டி.பி.ஓ.வாக இருப்பது. அதன் கேஸ் ஃபைல்கள், ஊழியர் விவரங்கள், மின்னஞ்சல்கள் எல்லாம் சட்டப்படி கையாளப்படுகின்றனவா என்று கண்காணிக்கும் வேலை இது. இரண்டாவது, சட்ட நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, அதன் கட்சிக்காரர்களான கம்பெனிகளுக்கு வெளியிலிருந்து டி.பி.ஓ. சேவை தருவது. இரண்டில் எது என்பதை நேர்காணலின் முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் அழைத்தவர்களுக்கே இதில் தெளிவு இருக்காது, அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்திதான்.

மூன்றாவது வழி, டி.பி.ஓ. பதவியே வேண்டாம், தரவுப் பாதுகாப்பை நடைமுறைத் துறையாக எடுத்துக்கொண்ட வழக்கறிஞராக இருப்பது. நான்காவது, சட்ட நிறுவனத்தை விட்டு வெளியே வந்து வங்கி, மருத்துவமனை, மென்பொருள் கம்பெனி போன்ற ஒன்றில் உள் டி.பி.ஓ. ஆவது.

## சட்டம் இந்தப் பதவிக்குத் தரும் பலம்

ஒப்பிடும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் டி.பி.ஓ. என்பது சட்டமே வரையறுத்திருக்கும் பதவி. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 37 முதல் 39 வரையான பிரிவுகள் இதற்கானவை. டி.பி.ஓ. தன் கடமையை எப்படிச் செய்ய வேண்டும் என்று நிறுவனம் உத்தரவிடக் கூடாது. கடமையைச் செய்ததற்காக அவரை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. அவர் உச்ச நிர்வாகத்திடம் நேரடியாக அறிக்கை தர வேண்டும். வேறு வேலையும் பார்க்கலாம், ஆனால் அது இந்தப் பொறுப்போடு மோதக் கூடாது. ஊழியராகவும் இருக்கலாம், சேவை ஒப்பந்தத்தில் வெளியாளாகவும் இருக்கலாம்.

எல்லாச் சட்ட நிறுவனமும் டி.பி.ஓ. வைத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நோய், மதம், குற்றத் தண்டனை போன்ற நுண்ணிய விவரங்களைப் பெரிய அளவில் கையாளுவதே ஒரு நிறுவனத்தின் மையத் தொழிலாக இருந்தால் கட்டாயம். தனி வழக்கறிஞர் தன் கட்சிக்காரரின் விவரங்களைக் கையாளுவது ‘பெரிய அளவு’ ஆகாது என்று சட்ட முகவுரையின் 91ஆம் பத்தி சொல்கிறது. நடுத்தர அளவிலுள்ள நிறுவனங்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன, அதனால் சில தாமாகவே டி.பி.ஓ.வை நியமிக்கின்றன. இதில் பலர் கவனிக்காத ஒன்று: தாமாக நியமித்தாலும், ‘டி.பி.ஓ.’ என்று பெயர் வைத்துவிட்டால் இந்த மூன்று பிரிவுகளும் முழுமையாகப் பொருந்தும் என்பது ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இதைத் தவிர்க்கத்தான் ‘பிரைவசி மேனேஜர்’ என்று பெயர் மாற்றித் தருவதும் நடக்கிறது. அந்தப் பெயரில் வேலை பார்க்கலாம். ஆனால் டி.பி.ஓ.வுக்கான பாதுகாப்பு அதோடு சேர்ந்து வராது.

மற்ற நாடுகளில் நிலைமை வேறு. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, மத்திய அரசு முக்கியமானவை என்று தனியாக அறிவிக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே டி.பி.ஓ.வைக் கட்டாயமாக்குகிறது. அவர் இந்தியாவில் இருக்க வேண்டும், இயக்குநர் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வேலை நீக்கத்திலிருந்து அவருக்குப் பாதுகாப்பு தரும் வரி அந்தப் பிரிவில் இல்லை. சிங்கப்பூரிலோ எல்லா நிறுவனமும் குறைந்தது ஒருவரை நியமித்தாக வேண்டும், சட்ட நிறுவனங்களும் அதில் அடக்கம். மலேசியாவில் 2025 ஜூன் 1 முதல், வரையறுத்த அளவைத் தாண்டும் நிறுவனங்களுக்கு இது கட்டாயம். ஆகவே எந்தச் சட்டத்தின் கீழ் நியமனம் என்பதைப் பொறுத்து அதே பதவிப் பெயரின் பலம் மாறும்.

## எதைவைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் சுதந்திரம்: யாருக்குக் கீழே வேலை, யார் உங்களை நீக்க முடியும். இரண்டாவது நலன் முரண்: ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் கடமைகள் உங்கள் மேல் விழுமா. மூன்றாவது அன்றாட வேலையின் தன்மை. இதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வாதாடுவதில் மகிழ்ச்சி காண்பவர் கண்காணிக்கும் வேலையில் வாடிப்போவார், எதிர்மாறாகவும் நடக்கும். நான்காவது, நீங்கள் நிறுவனத்துக்கு வருமானமா செலவா என்பது. ஐந்தாவது, ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு எந்தக் கதவுகள் திறக்கும். ஆறாவது, நெருக்கடி நேரத்தில் யார் தோளில் எவ்வளவு சுமை.

இந்த ஆறும் ஒரே எடை கொண்டவை அல்ல. முதல் இரண்டும் சரியில்லை என்றால் மற்ற நான்கையும் பார்க்கவே தேவையில்லை.

## வழி 1: சட்ட நிறுவனத்தின் சொந்த டி.பி.ஓ.

நான்கில் இதுதான் மிகக் கடினமானது, என் பார்வையில் மிக மதிப்புள்ளதும் இதுதான்.

கடைக்கோ செயலிக்கோ நம் விவரங்களை நாமாகக் கொடுக்கிறோம். சட்ட நிறுவனத்தின் ஃபைல்களில் இருப்பவர்களில் பலர் அப்படி எதையும் கொடுக்கவில்லை. எதிர்த்தரப்பு, சாட்சிகள், விவாகரத்து வழக்கில் பெயர் வரும் குழந்தைகள், விபத்து வழக்கில் மருத்துவ அறிக்கை இணைக்கப்பட்ட நோயாளி, கம்பெனி கைமாறும்போது, வாங்குபவர் ஆவணங்களைப் பார்ப்பதற்கான டேட்டா ரூமில் சம்பளப் பட்டியல் ஏற்றப்பட்ட ஊழியர்கள். தங்களைப் பற்றி அங்கே ஒரு ஃபைல் இருப்பதே இவர்களில் பலருக்குத் தெரியாது. தொழில் இரகசியக் கடமை இருக்கும் இடத்தில் அவர்களுக்கு அறிவிக்க வேண்டியதில்லை என்று ஜி.டி.பி.ஆர். 14ஆம் பிரிவே விலக்குத் தருகிறது, நியாயமான காரணத்தோடுதான். ஆனால் அதன் விளைவு என்ன? அந்த அலுவலகத்தில் மற்ற எல்லோரும் கட்சிக்காரரின் பக்கம் நிற்க, ஃபைலில் அகப்பட்ட மற்றவர்களை நினைத்துப் பார்க்கும் கடமை கொண்டவர் டி.பி.ஓ. ஒருவர்தான். இந்த ஒரு விஷயம் உங்களை ஈர்க்கிறது என்றால் மீதியைப் படியுங்கள். ஈர்க்கவில்லை என்றால் வழி 3க்குப் போகலாம்.

அன்றாட வேலை பெரும்பாலும் சாதாரணமாகத் தெரியும். முகவரியின் முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் மென்பொருள் காட்டிய தவறான பெயருக்கு மனுவின் வரைவு போய்விட்டது. பி.டி.எஃப்.பில் பெயர்கள் மேல் கறுப்புப் பட்டை போட்டார்கள், ஆனால் கீழே எழுத்து அப்படியே இருக்கிறது, நகலெடுத்து ஒட்டினால் படிக்கலாம். ஓர் அசோசியேட் (பார்ட்னர் ஆகாத வழக்கறிஞர்) சாட்சியின் வாக்குமூலத்தை இலவச ஏ.ஐ. கருவியில் போட்டுச் சுருக்கம் கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர், ஆவணங்களை ஸ்கேன் செய்யும் வென்டர், நிபுணர் சாட்சி என்று வெளியாட்கள் கைக்கு ஃபைல் போகிறது, ஒப்பந்தம் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. பெரிய கட்சிக்காரர்கள் அனுப்பும் பல பக்கப் பாதுகாப்புக் கேள்வித்தாள்களுக்குப் பதில் எழுதுவதும் உங்கள் மேசைக்குத்தான் வரும்.

இதில் ஆழமான இடங்கள் இரண்டு. முதலாவது, தரவு கேட்டு வரும் மனு. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே எதிர்த்தரப்பு உங்கள் நிறுவனத்திடம் ‘என்னைப் பற்றி வைத்திருக்கும் எல்லாவற்றையும் கொடுங்கள்’ என்று கேட்கலாம். ஜி.டி.பி.ஆர். படி ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். மனு சிக்கலானதாக இருந்தால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். வழக்கை நடத்தும் பார்ட்னர் இயல்பாகவே ‘எதையும் கொடுக்காதீர்கள்’ என்பார். வழக்கறிஞர்-கட்சிக்காரர் இரகசியம் என்பதால் காட்டத் தேவையில்லாத, அதாவது இரகசியக் காப்பு உள்ள தாள் எது, இல்லாத தாள் எது என்று பிரித்து, இல்லாததைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அவரிடம் சொல்வது உங்கள் பொறுப்பு. சொல்பவருக்கு வழக்கு நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்ட்னர் முன்னால் நிற்க முடியாது.

இரண்டாவது, தகவல் கசிவு. தெரியவந்த 72 மணி நேரத்துக்குள், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அமல்படுத்தும் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், வார விடுமுறைக்கு விலக்குக் கிடையாது. பிரிட்டனில் நடந்த இரண்டு சம்பவங்களை இந்த வேலைக்கு வரும் எல்லோரும் படிக்க வேண்டும். டக்கர்ஸ் சொலிசிட்டர்ஸ் என்ற குற்ற வழக்கு நிறுவனம் 2020 ஆகஸ்டில், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. 9,72,191 ஃபைல்கள் பூட்டப்பட்டன, 60 நீதிமன்ற ஆவணத் தொகுப்புகள் டார்க் வெப்பில் (சாதாரணத் தேடலில் சிக்காத மறைவான இணையம்) வெளியாயின. தொலைவிலிருந்து உள்நுழைய இரட்டை அடையாளச் சரிபார்ப்பு இல்லை, காப்பகம் குறியாக்கம் செய்யப்படவில்லை. 2022இல் 98,000 பவுண்டு அபராதம். அடுத்தது டி.பி.பி. லா என்ற சட்ட நிறுவனம். 2022 ஜூனில் தாக்குதல். தங்கள் கட்சிக்காரர்களின் விவரம் டார்க் வெப்பில் கிடப்பதைத் தேசியக் குற்றப் புலனாய்வு அமைப்பு சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். ஃபைல்களைத் திறக்க முடியாமல் போனதை அவர்கள் தரவு மீறல் என்றே கருதவில்லை. தெரிவித்தது 43 நாள் கழித்து. 2025 ஏப்ரலில் 60,000 பவுண்டு அபராதம். இரண்டாவது சம்பவத்தில் நடந்த தவறு தொழில்நுட்பத்தோடு நிற்கவில்லை. ‘இது மீறல்தான், இன்றே தெரிவிக்க வேண்டும்’ என்று அறைக்குள் ஒருவர் எழுந்து சொல்லும் வேலைதான் டி.பி.ஓ. வேலை.

இப்போது மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். கம்பெனியில் தலைமை ஒன்று. சட்ட நிறுவனத்தில் பார்ட்னர்கள் எல்லோருமே முதலாளிகள். நீங்கள் நிர்வாகப் பார்ட்னரிடம் அறிக்கை தருவீர்கள், ஆனால் அவர் அந்த இடத்தில் இருப்பதே மற்ற பார்ட்னர்களின் ஆதரவால்தான். பெரிய வருமானம் கொண்டுவரும் பார்ட்னர் பழைய ஃபைல்களையெல்லாம் சொந்த லேப்டாப்பில் வைத்திருந்தால், விதி உங்கள் பக்கம் இருந்தாலும் அவரை மாற்றுவதற்குப் பொறுமை நிறைய வேண்டும். அடுத்து, ஆளின் மதிப்பை பில் செய்யும் மணிநேரத்தில் அளக்கும் இடத்தில் நீங்கள் பில்லே போடாதவர். போனஸ், பதவி உயர்வு, கூட்டத்தில் உங்கள் பேச்சுக்கு இருக்கும் கனம் எல்லாவற்றிலும் அது தெரியும். நீங்கள் வழக்கறிஞர் என்றால் இன்னொரு இழப்பும் உண்டு: சில ஆண்டுகள் வழக்கு நடத்தாமல் இருந்தால் திரும்பிப் போவது கடினம். கட்சிக்காரர் இரகசியத்துக்காக, ஒரு குழுவின் ஃபைலை மற்றவர்கள் பார்க்காதபடி போட்ட உள்சுவர்களும் உங்களுக்குத் தடையாகலாம். எந்த ஃபைலை எந்த அளவுக்குத் திறந்து பார்க்க உங்களுக்கு அனுமதி என்பது முன்கூட்டியே எழுதப்படாவிட்டால், கசிவு நடந்த அன்றுதான் அந்த விவாதமே தொடங்கும்.

இத்தனை இருந்தும் இதை மதிப்புள்ளது என்று ஏன் சொல்கிறேன்? ஃபைல் திறப்பதிலிருந்து அழிப்பது வரை ஒரு நிறுவனத்தின் நடைமுறையையே மாற்றும் வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது. முடிந்த வழக்குகளின் ஃபைல்களை எத்தனை ஆண்டு வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்று ஓர் ஒழுங்கு கொண்டுவந்தாலே போதும், கசிவு நேர்ந்தால் பாதிக்கப்படும் ஆட்களின் எண்ணிக்கை பெருமளவு குறையும். அழித்துவிட்ட ஃபைலை யாரும் திருட முடியாது.

## வழி 2: சட்ட நிறுவனத்திலிருந்து வெளிச்சேவை டி.பி.ஓ.

கற்றுக்கொள்ளும் வேகத்தில் இதற்கு ஈடு இல்லை. ஒரே ஆண்டில் மருத்துவமனை, ஆன்லைன் விற்பனை, பள்ளி மென்பொருள் என்று வெவ்வேறு தொழில்களின் தரவு ஓட்டத்தைப் பார்ப்பீர்கள். நீங்கள் நிறுவனத்துக்கு வருமானம் கொண்டுவருபவர், அதனால் உள்ளே மரியாதை தானாகவே வரும். உத்தரவிடும் மேலாளர் கட்சிக்காரர் கம்பெனியில் இல்லாததால் கருத்துச் சொல்வதும் எளிது.

சிக்கல் நலன் முரணில் இருக்கிறது. டி.பி.ஓ. கண்காணிப்பு அமைப்போடு ஒத்துழைக்க வேண்டியவர், அவர்கள் தொடர்புகொள்ளும் ஆளே அவர்தான். வழக்கறிஞரோ அதே அமைப்பின் முன் கட்சிக்காரரைக் காப்பாற்ற வேண்டியவர். வெளிச்சேவை டி.பி.ஓ.வை அதே கம்பெனிக்காகத் தரவுப் பாதுகாப்பு வழக்கில் நீதிமன்றத்தில் ஆஜராகச் சொன்னால் அது நலன் முரண் என்று நான் மேலே சொன்ன 2017 வழிகாட்டுதல் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் சட்ட நிறுவனத்தின் வணிகத்துக்கு இரண்டு வேலையும் சேர்ந்து வருவதுதான் லாபம். ‘டி.பி.ஓ. நீங்கள், கேஸ் வந்தால் பக்கத்து டீம் பார்த்துக்கொள்ளும்’ என்று ஏற்பாடு இருந்தால், அந்தப் பிரிவு தாளில் மட்டும் இருக்கிறதா, உண்மையிலேயே இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இன்னொரு நுணுக்கம் இரகசியக் காப்பு. வழக்கறிஞராகத் தரும் சட்ட ஆலோசனைக்குப் பல நாடுகளில் காப்பு உண்டு. டி.பி.ஓ.வாகச் சொன்னதற்கு அந்தக் காப்பு தானாகக் கிடைத்துவிடாது. ஒரே ஆள் ஒரே மின்னஞ்சலில் இரண்டையும் கலந்து எழுதினால் பின்னால் பெரிய தலைவலி.

மறைமுகச் செலவு இங்கே நேரமும் தூக்கமும்தான். மாதக் கட்டணம் நிலையானது என்பதால் கட்சிக்காரர் எண்ணிக்கையைக் கூட்டத்தான் நிறுவனம் பார்க்கும். இரண்டு கம்பெனிகளில் ஒரே வாரக் கடைசியில் கசிவு நடந்தால் 72 மணி நேரம் இரண்டுக்கும் சேர்ந்தே ஓடும். ஒருவருக்கு அதிகபட்சம் எத்தனை நியமனங்கள், மாற்று ஆள் யார், தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு டி.பி.ஓ. சேவையையும் உள்ளடக்கியதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் அதன் பிறகுதான் பாலிசியைப் புரட்டுவார்கள்.

## வழி 3: தரவுப் பாதுகாப்பு வழக்கறிஞர்

இங்கே சுதந்திரம் பற்றிய கேள்வியே எழாது. நீங்கள் கட்சிக்காரரின் பக்கம், எல்லோருக்கும் அது தெரியும். நாடு கடந்து தரவு அனுப்பும் ஒப்பந்தங்கள், கம்பெனி கைமாறும்போது நடத்தும் ஆய்வு, கண்காணிப்பு அமைப்பின் விசாரணையில் வாதம், கசிவுக்குப் பிறகு வரும் இழப்பீட்டு வழக்குகள் எல்லாம் இதில் வரும். 2020 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அமெரிக்காவுக்குத் தரவு அனுப்ப வழிசெய்திருந்த பிரைவசி ஷீல்டு ஏற்பாட்டை ரத்து செய்தது. அன்று இந்த வழக்கறிஞர்கள் செய்ததுபோல், புதிய சட்டக் கேள்வியை முதல் ஆளாகப் பிரித்து மேயும் சுகம் மற்ற மூன்று வழிகளிலும் இவ்வளவு கிடைக்காது.

பார்ட்னர் ஆகும் பாதை இங்கேதான் தெளிவாக இருக்கிறது, வருமானத்தின் உச்சமும் இங்கேதான். பதிலுக்கு பில் இலக்கு கழுத்தை நெரிக்கும். அப்புறம், நீங்கள் பார்ப்பது தாளை மட்டும். ‘இந்தத் தரவை ஆறு மாதத்தில் அழியுங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவீர்கள், அழித்தார்களா என்பது உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உரிமையும் இல்லை. சிலருக்கு அது நிம்மதி, சிலரை அது அரித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் எந்த ரகம் என்பதை யோசியுங்கள்.

சட்டப் பட்டம் இல்லாதவர்களுக்கு இந்த வழி இல்லை. மற்ற மூன்றுக்கும் பட்டம் சட்டப்படி கட்டாயமில்லை. ஜி.டி.பி.ஆர். கேட்பது தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் நடைமுறையிலும் நிபுணத்துவம்தான்.

## வழி 4: கம்பெனியின் உள் டி.பி.ஓ.

ஒரே தொழில், ஒரே அமைப்பு, பெரும்பாலும் கூடுதல் பட்ஜெட். புதிய பொருள் ஒன்றை வடிவமைக்கும்போதே உட்கார்ந்து பேசும் வாய்ப்பு கிடைக்கும். தொழில்நுட்பப் பின்னணி உள்ளவர்களுக்கு மிகவும் பொருந்தும். இயக்குநர் குழு, தணிக்கைக் குழு என்று முறையான படிகள் இருப்பதால் மேலே போய்ச் சொல்வதற்குப் பாதை இருக்கிறது.

இங்கே உங்களோடு மோதுவது மார்க்கெட்டிங்கும் வருவாய் இலக்கும். வாடிக்கையாளர் தரவை இன்னும் கொஞ்சம் பிழிந்தெடுக்கலாமே என்ற யோசனை ஒவ்வொரு காலாண்டிலும் புதிய பெயரில் வரும். கம்பெனி கைமாறினாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ பதவியே மறுசீரமைப்பில் கரையலாம். ஒரே தொழிலில் ஊறிவிட்டால் வேறு துறைக்கு மாறுவதும் மெல்ல மெல்லக் கடினமாகும்.

## ‘கூடுதல் பொறுப்பு’ பற்றி ஒரு வார்த்தை

சிறிய சட்ட நிறுவனங்கள் ஓர் அசோசியேட்டையோ, ஐ.டி. தலைவரையோ, அலுவலக மேலாளரையோ கூப்பிட்டு ‘டி.பி.ஓ.வையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதுண்டு. இதை ஏற்கும் முன் மிகவும் யோசியுங்கள். தரவை எதற்காக, எப்படிக் கையாளுவது என்று முடிவெடுக்கும் வேலையையும் அதே ஆளிடம் கொடுத்தால் அது நலன் முரண் ஆகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் வழக்கில் தெளிவாக்கியது. பெல்ஜியத்தில் 2020இல் ஒரு நிறுவனத்துக்கு 50,000 யூரோ அபராதம் விழுந்தது, காரணம் அதன் டி.பி.ஓ.வே கம்ப்ளையன்ஸ், ரிஸ்க், தணிக்கைத் துறைகளின் தலைவராகவும் இருந்தது. பெர்லினில் 2022இல் இதே போன்ற முரணுக்காக இன்னொரு நிறுவனத்துக்கு 5,25,000 யூரோ. தான் எடுத்த முடிவைத் தானே கண்காணிக்க முடியாது, அவ்வளவுதான். அபராதம் நிறுவனத்துக்கு என்றாலும் பெயர் கெடுவது உங்களுக்கும்தான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நிறுவனத்தின் சொந்த டி.பி.ஓ. | வெளிச்சேவை டி.பி.ஓ. | தரவு வழக்கறிஞர் | கம்பெனி டி.பி.ஓ. |
|---|---|---|---|---|
| சுதந்திரம் | சட்டத்தில் பலம், நடைமுறையில் பார்ட்னர்களைப் பொறுத்தது | ஓரளவு நல்லது | தேவைப்படாது | அமைப்பு சரியாக இருந்தால் நல்லது |
| நலன் முரண் | கூடுதல் பொறுப்பு இல்லாவிட்டால் குறைவு | மிக அதிகம் | வழக்கறிஞர்களுக்கான வழக்கமான முரண் விதிகள் | நடுத்தரம் |
| அன்றாட வேலை | கண்காணிப்பு, பயிற்சி, கசிவு, தரவு மனுக்கள் | பல தொழில்கள், பல கூட்டங்கள் | ஆலோசனை, ஒப்பந்தம், வாதம் | ஒரே அமைப்பில் ஆழம் |
| வருமானமா, செலவா | செலவு | வருமானம் | வருமானம் | செலவு |
| அடுத்த கதவு | கம்பெனி டி.பி.ஓ., ரிஸ்க் தலைமை | எங்கும் போகலாம் | பார்ட்னர், கம்பெனிச் சட்டத் துறை | அதே தொழிலில் பெரிய பதவி |
| மறைமுகச் செலவு | வழக்குப் பழக்கம் விட்டுப்போவது, தனிமை | ஒரே நேரத்தில் பல நெருக்கடி | பில் இலக்கு | மறுசீரமைப்பு |

## யாருக்கு எது

வழக்கு நடைமுறை தெரிந்த, ஆனால் பக்கம் சார்ந்து வாதாடுவதில் களைத்துப்போன வழக்கறிஞருக்கு வழி 1 பொருந்தும். பார்ட்னர்களின் மொழியில் பேசத் தெரிந்தவர் அவர், அதுதான் அங்கே பெரிய ஆயுதம். தகவல் பாதுகாப்பிலிருந்து வருபவர் நேராக வழி 1க்குப் போனால் இரகசியக் காப்பு விவகாரங்களில் தடுமாறக்கூடும். அவருக்கு வழி 4 முதலில், வழி 1 பிறகு என்பது நல்ல வரிசை. கம்ப்ளையன்ஸில் இருந்து வருபவருக்கு வழி 2 வேகமான பள்ளிக்கூடம், ஆனால் வேலை எல்லை தெளிவாக இருக்கும் இடமாகப் பார்த்துப் போகட்டும். இன்னும் இளம் வழக்கறிஞராக இருந்து, எந்தப் பக்கம் போவது என்று முடிவாகவில்லை என்றால் வழி 3இல் சில ஆண்டுகள் இருந்துவிட்டு மாறுங்கள். வழக்கறிஞர் டி.பி.ஓ. ஆவது சுலபம், டி.பி.ஓ. மறுபடி வழக்கறிஞர் ஆவது சுலபமில்லை.

வீட்டில் சிறு குழந்தைகளோ கவனிக்க வேண்டிய பெரியவர்களோ இருந்து, நேரம் ஓரளவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால், மாற்று ஆள் இருக்கும் வழி 4 மற்றவற்றைவிட மேல்.

## கையெழுத்துக்கு முன்

வழி 1ஐத் தேர்ந்தெடுத்தால் சிலவற்றை நியமனக் கடிதத்திலேயே கேட்டு வாங்குங்கள். பதவிப் பெயர் ‘தரவுப் பாதுகாப்பு அலுவலர்’ என்றே இருக்கட்டும், எந்தச் சட்டத்தின் கீழ் என்பதோடு. அறிக்கை தருவது நிர்வாகப் பார்ட்னரிடம் மட்டுமில்லாமல், தேவைப்பட்டால் எல்லாப் பார்ட்னர்களுக்கும் எழுதும் உரிமையோடு இருக்க வேண்டும். நீக்குவதாக இருந்தால் எழுத்தில் காரணம், பார்ட்னர்கள் கூட்டத்தின் முடிவு. ஜி.டி.பி.ஆர். பொருந்தாத நாட்டில் வேலை என்றால் இந்தக் கடைசி வரி இன்னும் முக்கியம், உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அதுவாக இருக்கலாம். தனி பட்ஜெட், விடுப்பில் இருக்கும்போது பொறுப்பேற்கும் ஆள், கசிவு நடந்தால் எந்த ஃபைலை எந்த அளவுக்குப் பார்க்கலாம் என்ற வரையறை, உங்கள் ஆலோசனையை நிறுவனம் ஏற்காதபோது அதைக் காரணத்தோடு பதிவுசெய்யும் வழக்கம் ஆகியவையும் வேண்டும்.

முடிந்தால் முந்தைய டி.பி.ஓ.விடம் பேசுங்கள். கசிவின் விவரங்களைக் கேட்க வேண்டாம், அவர் சொல்லவும் கூடாது. ‘நீங்கள் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னபோது எவ்வளவு நேரத்தில் கேட்டார்கள்’ என்று மட்டும் கேளுங்கள். முந்தையவர் என்று யாருமே இல்லை, இதுதான் முதல் நியமனம் என்றால், அதே கேள்வியை நிர்வாகப் பார்ட்னரிடம் ஒரு கற்பனைச் சூழலாக வைத்துக் கேட்கலாம்: சனிக்கிழமை இரவு, மிகப் பெரிய கட்சிக்காரரின் ஃபைல் கசிந்திருக்கிறது, தெரிவிக்க வேண்டாம் என்கிறார் அந்தக் கட்சிக்காரரைக் கொண்டுவந்த பார்ட்னர். யார் பேச்சு நிற்கும்?